கன்சோலுக்குள் எதை எங்கே வைப்பது? சிறிய மீன்பிடிப் படகு வாங்கியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் ஒரே அமைப்பிலான படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 17 முதல் 20 அடி வரை நீளம், பின்னால் வெளிப்புறத்தில் மாட்டிய ஓர் அவுட்போர்டு எஞ்சின், நட்டநடுவில் இடுப்புக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு ஃபைபர் பெட்டி. அந்தப் பெட்டிதான் கன்சோல். அதன் முகப்பில் ஸ்டியரிங், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, திசைகாட்டி, ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் திரை ஆகியவை இருக்கும். இதைப் படகின் நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தூண்டிலில் சிக்கிய பெரிய மீன் ஒரு பக்கமாக நிற்காது, படகைச் சுற்றி ஓடும். கோலைப் பிடித்திருப்பவரும் அணியத்திலிருந்து அமரம் வரை, அதாவது முன்முனையிலிருந்து பின்முனை வரை, எதிலும் தட்டாமல் அதன் பின்னால் சுற்றி வர வேண்டும். அதற்காக ஓரங்கள் முழுவதும் காலியாக விடப்படுகின்றன. ஓரம் காலியானால் சாமான் வைக்கும் இடமும் போய்விடுகிறது. மிஞ்சுவது கன்சோலின் வயிறு மட்டும்தான்.

அந்த வயிற்றுக்குள் போக முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு கதவு இருக்கும். பெரிய படகுகளில் இதற்குள் கழிப்பறையே அமைத்துவிடுகிறார்கள். இருபது அடிக்கு உட்பட்ட படகில் ஒருவர் முழங்காலிட்டுத் தோள்வரை உள்ளே நுழைய முடிந்தாலே பெரிய விஷயம். முதல் முறை படகு வாங்கியவர் அந்தக் கதவைத் திறந்து பார்த்ததும், "இவ்வளவு இடமா!" என்று மகிழ்கிறார். சில வாரங்களிலேயே லைஃப் ஜாக்கெட், கயிறு, தூண்டில் பெட்டிகள், மழைச்சட்டை, ஸ்பானர், சன்ஸ்கிரீன், நேற்றைய ஈரத்துண்டு எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. அதன் பிறகு எது மேலே கிடக்கிறதோ அதுதான் கைக்கு வரும். தேடிய பொருள் எப்போதும் அடியில்தான் இருக்கும்.

வீட்டு அலமாரியில் நாம் வகை பார்த்து அடுக்குகிறோம். துணி ஒரு தட்டில், புத்தகம் ஒரு தட்டில். அந்தப் பழக்கத்தைப் படகுக்கும் கொண்டுவருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கன்சோலில் வைக்கப் போகும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது, "இது எனக்குத் தேவைப்படும்போது எத்தனை நொடி அவகாசம் இருக்கும்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இது நனைந்தால் என்ன ஆகும்?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பொருள் எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். தட்டும் வலையும் கொக்கியும் வாங்குவது அதற்குப் பின்னால் வரும் வேலை.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கன்சோல் காலி அறை போலத் தோன்றினாலும் அது முதன்மையாகப் படகின் மின்சார அறை. முகப்பில் இருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுவிட்சுக்கும் பின்னால் வயர் இருக்கிறது. ஃப்யூஸ் பலகை, பேட்டரி சுவிட்ச், பல படகுகளில் பேட்டரியும், ஸ்டியரிங்குக்கான கேபிள் அல்லது எண்ணெய்க் குழாய்களும் அங்கேதான். இவையெல்லாம் தரைக்கு அடியில் செல்லும் ஒரு பெரிய குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகின்றன. எரிபொருள் தொட்டியும் பல படகுகளில் இதே தரைக்குக் கீழே இருக்கும். தொட்டியின் அளவுமானியைச் சோதிப்பதற்கான வட்டமூடி கன்சோலின் தரையிலேயே இருப்பதும் வழக்கம்.

எனவே எதையும் அடுக்கும் முன் ஒரு டார்ச்சுடன் உள்ளே குனிந்து பார்த்து, "இந்தப் பகுதி வயருக்கு, இந்தப் பகுதி எனக்கு" என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கோட்டில் உண்மையிலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பலகையையோ வலையையோ நிறுத்துங்கள். தூண்டில் பை ஒவ்வோர் அலைக்கும் ஒரு வயரை லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அதன் முனை கழன்றுவிடும். அது பாட்டுக் கேட்கும் ரேடியோவின் வயராகவும் இருக்கலாம், படகுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வயராகவும் இருக்கலாம். ஃப்யூஸ் பலகைக்கு முன்னால் ஒரு கை தாராளமாகப் போய்வரும் இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். மாற்று ஃப்யூஸ்களை ஒரு சிறு பையில் போட்டு அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அவற்றைத் தேட வேண்டிய நேரம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும்.

பேட்டரி பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சாதாரண ஈய அமில பேட்டரி 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகராதபடி அதை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுக் கட்டுமானத் தரம். அதன் முனைகளில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். மேல்தட்டிலிருந்து ஓர் இடுக்கி வழுக்கி விழுந்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே படுத்துவிட்டால், அடுத்த நொடி அந்த இடுக்கி பழுக்கக் காய்ந்துவிடும். நீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். ஆகவே பேட்டரிக்கு மேல் துணி மூட்டையையோ நுரைத் தலையணையையோ அடைக்கக் கூடாது. கன்சோலின் காற்றுத் துளைகளை மறைக்கவும் கூடாது.

இதே காரணத்தால்தான் பெட்ரோல் கேனுக்குக் கன்சோலுக்குள் ஒருபோதும் இடமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். அருகில் பேட்டரியும் சுவிட்சும் இருக்கின்றன. ஒரு பொறி போதும்.

இன்னொரு எச்சரிக்கை, துளையிடுவதைப் பற்றியது. கொக்கி மாட்டவும் தட்டு பொருத்தவும் ஆசை வரும்போது முதலில் டிரில்லைத்தான் கை தேடும். தரையில் துளை போடாதீர்கள். அடியில் எரிபொருள் தொட்டி இருக்கலாம். தொட்டி தப்பினாலும் அந்தத் துளை வழியாக நீர் இறங்கி, தரைக்குள் இருக்கும் மரத்தையோ நுரையையோ ஊறவைத்துவிடும். சுவரில் துளை போடுவதென்றால் மறுபக்கத்தில் வயர் இல்லை என்று கையால் தடவி உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கடலுக்கு ஏற்ற கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்றை உள்சுவரில் பிசினால் ஒட்டிவிட்டு, கொக்கிகளையும் தட்டுகளையும் அந்தப் பலகையில் திருகுங்கள். நாளை மனம் மாறினால் பலகையில்தான் துளைகள் மிஞ்சும், படகில் அல்ல.

நொடிக் கணக்கு

நான் கன்சோலை மூன்று வட்டமாகப் பார்க்கிறேன். ஸ்டியரிங்கிலிருந்து நகராமல் கைநீட்டி எடுக்கக்கூடியவை முதல் வட்டம். கதவைத் திறந்த உடனே கை படும் இடம் இரண்டாவது. உள்ளே குனிந்து தேட வேண்டியது மூன்றாவது. மூன்றாவது வட்டத்தில் வைத்த பொருளை, அலை ஆடும் படகில் ஓட்டுபவர் எடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முன்பக்கம் போய் மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைக்கும் அரை நிமிடத்தில் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

தீயணைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையான எரிபொருள் தொட்டி உள்ள, 26 அடிக்குக் குறைந்த படகில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி குறைந்தது ஒரு தீயணைப்பான் இருக்க வேண்டும். பலர் அதைக் கன்சோல் கதவுக்கு உள்ளே, ஆழத்தில் மாட்டிவைக்கிறார்கள். சிறு படகில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று கன்சோலேதான். வயரும் பேட்டரியும் அங்கே இருக்கின்றன. புகை வரும் கதவைத் திறந்து அதற்குள்ளிருந்து தீயணைப்பானை எடுக்க யாரால் முடியும்? அது கன்சோலுக்கு வெளியே, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் வகை தீயணைப்பானுக்கு, அது தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் ஆயுள் என்று 2022 ஏப்ரல் 20 முதல் விதி இருக்கிறது. பழைய படகு வாங்கியிருந்தால் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் ஆண்டை இன்றே பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் சட்டமே இந்த நொடிக் கணக்கைப் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்க வேண்டும், அது எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும். கடையில் வந்த பிளாஸ்டிக் உறையோடு, பூட்டிய அறைக்குள் இருக்கும் ஜாக்கெட் அந்தக் கணக்கில் சேராது. 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில், தண்ணீரில் விழுந்தவரை நோக்கி வீசும் மிதவை ஒன்றும் கூடுதலாக வேண்டும். அது "எளிதில்" கிடைத்தால் போதாது, "உடனடியாக" கிடைக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டு சொல்லையும் வேண்டுமென்றேதான் வேறுபடுத்தி எழுதியிருக்கிறார்கள். ஜாக்கெட்டைக் கதவு திறந்ததும் கை படும் இடத்தில் வைக்கலாம். வீசும் மிதவையைக் கன்சோலுக்குள் வைக்கவே கூடாது. இருக்கையின் மேல் திறந்தவெளியில், ஒரே இழுப்பில் வரும்படி இருக்கட்டும். ஜாக்கெட்டை அணிந்துகொண்டே போவது எல்லாவற்றையும்விட மேல். அணிந்திருப்பதற்கு இடமும் தேட வேண்டியதில்லை.

தானாகக் காற்று நிரம்பும் ஜாக்கெட்டுகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றில் ஒரு வகையில், நீர் பட்டதும் கரையும் சிறு வில்லை ஒன்று உள்ளே இருக்கும். அது கரைந்தால் வாயுக்குப்பி திறந்து ஜாக்கெட் உப்பிவிடும். ஈரம் தேங்கிய கன்சோலுக்குள் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் அந்த வில்லை மெல்ல இளகி, ஆளில்லாத படகிலேயே ஜாக்கெட் வெடித்து உப்பக்கூடும். இத்தகைய ஜாக்கெட்டை ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

ஆபத்துக் காலத்தில் வானில் விடும் தீச்சுடர்களை இரண்டாவது வட்டத்தில் வையுங்கள். நல்ல நிறமுள்ள, நீர் புகாத, மிதக்கும் டப்பாவில் அவை இருக்கட்டும். 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகு கடலோர நீர்ப்பரப்பில் போகும்போது பகலுக்கும் இரவுக்கும் பயன்படும் சுடர்கள் மூன்று வேண்டும். தயாரித்த தேதியிலிருந்து 42 மாதங்களில் அவை காலாவதியாகிவிடும். கோடை வெயிலில் மூடிய கன்சோல் கொதிக்கும். சுடர் டப்பாவைச் சூடேறும் மேல்பகுதியில் வைக்காமல் கதவோரம் தாழ்வாக வைப்பது நல்லது. அதே டப்பாவிலோ பக்கத்திலோ விசில், வெயிலைப் பிரதிபலித்துச் சைகை காட்டும் கண்ணாடி, படகுகள் பேசிக்கொள்ளும் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ, கொஞ்சம் குடிநீர் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே பையாக வைத்தால், படகை விட்டு இறங்க வேண்டி வந்தாலும் ஒரு கையால் தூக்கிக்கொள்ளலாம். உதவி கேட்கும் அலைவரிசை 16. படகின் பேட்டரி நீரில் மூழ்கியதும் நிலையாகப் பொருத்திய ரேடியோ ஊமையாகிவிடும், கையடக்க ரேடியோ பேசும்.

முதல் வட்டத்துக்கு உரியவற்றில் மிகச் சிறியது எஞ்சினை நிறுத்தும் கயிறு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் அவர் உடலோடு கட்டிய கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 2021 ஏப்ரல் 1 முதல், இந்த வசதி பொருத்தப்பட்ட 26 அடிக்குக் குறைந்த படகுகளில், வேகமாகப் போகும்போது இதைக் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். ஒரு மாற்றுக் கயிறும் வேண்டும். ஓட்டுபவர் கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டால், படகில் மிஞ்சியவர் எஞ்சினை மறுபடி இயக்கி அவரை எடுக்கப் போக அந்த மாற்றுக் கயிறு இல்லாமல் முடியாது. எனவே அது எங்கே இருக்கிறது என்று உடன் வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மீனுக்கும் நொடிக் கணக்கு உண்டு

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் பாறைத் திட்டுகளில் மீன் பிடிப்பவர்கள் ஒரு கருவியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பிடித்த மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி அது. ஸ்னாப்பரும் களவா இன மீன்களும் காற்றுப்பை உள்ளவை. 30 மீட்டர் ஆழத்தில் அவற்றின் மேல் இருக்கும் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சட்டென்று மேலே இழுக்கும்போது உள்ளே இருக்கும் வாயு நான்கு மடங்கு விரிகிறது. கண் பிதுங்கி, வயிறு உப்பி, மீன் மிதக்கும். அளவு சிறியது என்று திருப்பி விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மேலேயே செத்துவிடும், அல்லது பறவைக்கு இரையாகும். எடை கட்டிய ஒரு பிடிப்பானில் அதன் உதட்டை மாட்டி ஆழத்துக்கு இறக்கினால் வாயு மீண்டும் சுருங்கி, மீன் நீந்திப் போகும்.

வட கரோலினாவிலிருந்து ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரை வரை உள்ள, அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் கடற்பகுதியில் 2020 ஜூலை 15 முதல் இது விதி. கருவியில் குறைந்தது 16 அவுன்ஸ் எடையும் 60 அடி கயிறும் இணைத்திருக்க வேண்டும், உடனே பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும் கருவி மீனுக்கும் உதவாது, விதிக்கும் போதாது. மீன் மேலே வந்த பிறகு கன்சோலுக்குள் தேடத் தொடங்கினால், தேடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மீனின் உயிரிலிருந்து போகிறது. நான் இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். கன்சோலின் வெளிச்சுவரில், கயிறு சுற்றிய நிலையில் அதற்கென ஒரு கொக்கி ஒதுக்குங்கள். அதன் பக்கத்தில் மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும் கருவி, இடுக்கி, கத்தரிக்கோல், உறையிட்ட கத்தி. ஒரு மீன் படகுக்கு வந்தவுடன் தேவைப்படும் ஐந்தாறு பொருட்களும் ஒரே இடத்தில், கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

இரும்புக் கருவிகளைக் கன்சோலின் மேற்பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அங்கே திசைகாட்டி இருக்கிறது. கருவிகளைப் பிடித்து நிறுத்தும் காந்தப் பட்டைகள் கடைகளில் அழகாகத் தொங்கும். திசைகாட்டிக்குக் கீழே அப்படி ஒன்றை ஒட்டினால், தெற்கே போவதாக நினைத்து வேறெங்கோ போவீர்கள். ஸ்பீக்கருக்கும் இதே விதிதான்.

தூண்டில் பெட்டிகள்

புதியவர்கள் அதிகம் செலவு செய்வது இங்கேதான், அதிகம் குழம்புவதும் இங்கேதான். அமெரிக்கக் கடைகளில் தூண்டில் பெட்டிகள் 3600, 3700 என்ற எண்களால் அறியப்படுகின்றன. பிளானோ நிறுவனத்தின் எண்கள் அவை. மற்ற நிறுவனங்களும் அதே அளவில் செய்வதால் பொது அளவாகவே ஆகிவிட்டன. 3700 என்பது சுமார் 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் உள்ள தட்டைப் பெட்டி. 3600 சுமார் 11 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ளது. பெட்டி வாங்கும் முன் கன்சோல் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உள்ளே தாராளமாக இடமிருந்தும் வாசலில் நுழையாத பெட்டிகள் உண்டு.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வேண்டியது எப்போதும் கீழே இருக்கும். அலையில் முழு அடுக்கும் சரியும். புத்தகம் நிற்பதுபோல நெட்டுக்குத்தாக நிறுத்தும் சட்டங்களில் வைத்து, வெளியே தெரியும் விளிம்பில் பெயர் எழுதுங்கள். குறுக்கே ஒரு ரப்பர் கயிறு போடுங்கள். அலை மேலேறி வழியும் கட்டுமரத்தில் கட்டாமல் வைத்த எதுவும் திரும்பி வராது என்பது நம் கடலோரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டிக்குள் எப்படிப் பிரிப்பது? முட்கள் ஒரு பெட்டி, ஈயக்குண்டுகள் ஒரு பெட்டி, சுழலிகள் (தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பவை) ஒரு பெட்டி என்று பிரிப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு தூண்டில் கட்ட நான்கு பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்கும். அதைவிட, மீன்பிடிக்கும் முறைக்கு ஒரு பெட்டி என்று வையுங்கள். பாறை மீனுக்கு ஒன்று: அதில் வட்டமுள், ஈயம், தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான ஸ்பானிஷ் மாக்கரலுக்கு ஒன்று: அந்தப் பல்லுக்கு நரம்பு நிற்காது, மெல்லிய கம்பி வேண்டும், மினுங்கும் செயற்கை இரை வேண்டும். அன்றைக்கு எதற்குப் போகிறீர்களோ அந்தப் பெட்டி மட்டும் படகுக்கு வரட்டும். மீதி வீட்டில் இருக்கட்டும். என்னைக் கேட்டால், சிறு படகின் கன்சோலில் இரண்டு பெட்டிக்கு மேல் இருப்பது சுமைதான்.

ரப்பர் போன்ற மென்மையான செயற்கை இரைகளை அவை வந்த பையிலேயே விடுங்கள். எல்லா மென்பிளாஸ்டிக்கும் ஒரே பொருள் அல்ல. ஒத்துவராத இரண்டு வகைகளை ஒரே அறையில் போட்டால் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். சில வகை, பெட்டியையே அரித்துவிடும்.

அடுத்தது துரு. ஒருமுறை பயன்படுத்திய முள்ளை அப்படியே பெட்டிக்குள் திருப்பி வைத்தால், அதனோடு உப்பும் உள்ளே போகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. காய்ந்ததாகத் தோன்றினாலும் அந்த முள் மறுபடி மறுபடி நனைந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்து அறைகளுக்கும் துரு பரவும். நீர் புகாத ரப்பர் விளிம்புப் பெட்டி வாங்கினால் இதற்கு விடிவு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நீரை உள்ளே விடாத பெட்டி, உள்ளே போன நீரை வெளியேயும் விடாது. தீர்வு மிக எளிது. அடியில் துளைகள் உள்ள ஒரு சிறு டப்பாவைக் கன்சோலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். அன்று தண்ணீர் பார்த்த ஒவ்வொரு முள்ளும் இரையும் அதற்குள் போகட்டும். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

எடை, ஈரம், சில மிச்சங்கள்

கன்சோல் ஏறக்குறைய படகின் நடுவில் இருப்பதால் கனமான பொருளுக்கு அது நல்ல இடம். அணியத்தில் வைத்த எடை ஒவ்வோர் அலைக்கும் தூக்கி அடிக்கப்படும். நடுவில் அந்த அசைவு குறைவு. கனமானவை தரைக்கு அருகே, இலேசானவை மேலே. 20 அடிக்குக் குறைந்த படகுகளில், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை என்று சொல்லும் ஒரு தகடு பதித்திருக்கும். நீங்கள் சேர்த்துக்கொண்டே போகும் சாமான்களும் அந்தக் கணக்கில்தான் வரும்.

நங்கூரத்தை மட்டும் கன்சோலுக்குள் வைக்காதீர்கள். எஞ்சின் நின்று, காற்று படகைப் பாறை நோக்கித் தள்ளும்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக் அதுதான். சங்கிலியும் கயிறும் பூட்டிய நிலையில் அணியத்து அறையில் தயாராக இருக்க வேண்டும்.

கதவு எவ்வளவு நன்றாக மூடினாலும் உள்ளே நீர் வரும். கதவிடுக்கில் வழியும், கீழே வயர் குழாய் வழியாக ஏறும், இரவில் குளிர்ந்த சுவரில் வேர்க்கும். ஆகவே கன்சோலின் தரையில் நேரடியாக எதையும் வைக்காதீர்கள். துளையுள்ள ஒரு தடுப்புத் தட்டைப் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். தொட்டியின் மூடி தரையில் இருந்தால் தட்டு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். படகின் பதிவுச் சான்றும் மீன்பிடி உரிமமும் நீர் புகாத உறையில், கதவின் உட்புறத்தில் இருக்கலாம். ஃப்ளோரிடாவில் பதிவுச் சான்று படகிலேயே இருக்க வேண்டும். அதே கதவில் சுடர், தீயணைப்பான் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் எழுதி ஒட்டிவிடுங்கள். கடலோரக் காவல்படையின் தன்னார்வத் துணைப்படையினர் இலவசமாகவே படகைப் பார்த்துப் பாதுகாப்புச் சோதனை செய்து தருவார்கள். விட்டுப்போனதை அபராதம் இல்லாமல் தெரிந்துகொள்ள அது நல்ல வாய்ப்பு.

எல்லாம் வைத்து முடித்த பிறகு, துறையில் கட்டிய படகிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டியரிங் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உடன் வருபவர் ஒவ்வொரு பொருளின் பெயராகச் சொல்லட்டும்: தீயணைப்பான், மிதவை, மாற்றுக் கயிறு, கத்தி, ரேடியோ. கை தடுமாறினால் அந்தப் பொருள் தவறான இடத்தில் இருக்கிறது. பிறகு இருவரும் இடம் மாறிச் செய்யுங்கள். படகை ஓட்டுபவர்தான் தண்ணீரில் விழுந்திருக்கிறார் என்றால், தேட வேண்டியவர் மற்றவர் அல்லவா?

கரை திரும்பியதும் கன்சோலைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஈரமானவற்றை வெளியே எடுத்து, உட்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வயர்ப் பக்கம் குழாயால் அடிக்க வேண்டாம். பிறகு மழை படாதபடி படகை மூடி, கதவைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்துங்கள், காற்று ஓடட்டும். படகு தண்ணீரிலேயே நிற்கும் என்றால் பேட்டரி சுவிட்சை அணைக்கலாம், பேட்டரியின் வயரை மட்டும் கழற்றாதீர்கள். பில்ஜ் பம்பின் தானியங்கிச் சுவிட்ச் வழக்கமாக பேட்டரியோடு நேராக இணைந்திருக்கும். இரவில் பெருமழை வந்தால் நீரை இறைத்துக்கொண்டிருப்பது அதுதான்.